மலக்குடல் புற்றுநோய்: அறுவை செய்யும் கை ஏன் இவ்வளவு முக்கியம்?

கட்டி ஒரே மாதிரி, நோயின் நிலை ஒன்று, வயதும் ஏறக்குறைய ஒன்று. ஆனாலும் அறுவை சிகிச்சை செய்பவர் மாறினால் முடிவு மாறிவிடுகிறது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயோடு 13 சர்ஜன்களிடம் வந்த 645 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 1991-இல் வெளியானது. நோய் முழுதாக நீக்கப்பட்டதாகக் கருதப்பட்டவர்களுக்குள், அறுத்த இடத்திலேயே கட்டி திரும்பி வந்த விகிதம் ஒரு சர்ஜனிடம் பூஜ்யம், இன்னொருவரிடம் 21 சதவீதம். குடலை இணைத்த இடம் பிரிந்து கசிந்த விகிதமும் அப்படித்தான்: பூஜ்யத்திலிருந்து 25 சதவீதம் வரை.

வேறு சில அறுவைகளிலும் ஆளுக்கு ஆள் வித்தியாசம் உண்டு. மலக்குடலில் அது இத்தனை பெரிதாக இருப்பதற்குக் காரணம் அந்த உறுப்பு இருக்கும் இடம்.

பெருங்குடலின் கடைசிப் பகுதிதான் மலக்குடல். ஆசனவாயின் விளிம்பிலிருந்து மேல்நோக்கி ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் நீளம். வயிற்றுக்குள் இருக்கும் பெருங்குடலைச் சுற்றி இடம் தாராளமாக இருக்கும். கட்டிக்கு இருபுறமும் நல்ல இடைவெளி விட்டு வெட்டி எடுக்கலாம். மலக்குடலோ இடுப்பெலும்புக் கூட்டுக்குள், கீழே போகப் போகக் குறுகும் ஒரு புனலுக்குள் அடங்கிக் கிடக்கிறது. பின்னால் முதுகெலும்பின் அடியிலுள்ள திரிக எலும்பும் அதன்மேல் படர்ந்த சிரைகளும். முன்னால் ஆண்களுக்குச் சிறுநீர்ப்பை, விந்துப்பைகள், புராஸ்டேட் சுரப்பி. பெண்களுக்குக் கருப்பை, யோனி. இரு பக்கங்களிலும் சிறுநீர் கழிப்பதையும் பாலுறவையும் இயக்கும் நரம்புகள். எந்தப் பக்கமும் ஒரு சென்டிமீட்டர் தாராளமாகத் தள்ளி வெட்டுகிறேன் என்று சொல்ல வழியில்லை. இடுப்பு குறுகலான, உடல் பருத்த ஆணுக்கு ஆசனவாயிலிருந்து 5 சென்டிமீட்டருக்குள் கட்டி இருந்தால், சர்ஜனுக்கு அதைவிடக் கடினமான சூழல் குறைவு.

இனி, இந்தக் கட்டுரையின் மையமான விஷயம். மலக்குடலைச் சுற்றி, முக்கியமாகப் பின்புறமும் பக்கவாட்டிலும், ஒரு கொழுப்பு மெத்தை உண்டு. மீசோரெக்டம் என்று பெயர். மலக்குடலுக்கான இரத்தக் குழாய்களும் நிணநீர் முடிச்சுகளும் இதற்குள்தான் ஓடுகின்றன. மெத்தையைச் சுற்றி மெல்லிய, பளபளப்பான ஓர் உறை. மலக்குடல் புற்றுநோய் குடற்சுவரைத் துளைத்து வெளியே வந்தால் முதலில் பரவுவது இந்தக் கொழுப்புக்குள். கட்டிக்குக் கீழே சில சென்டிமீட்டர் தள்ளிக்கூட, கண்ணுக்குத் தெரியாத நோய்த்துகள்கள் கொழுப்பில் இருக்கலாம். உறைக்கு வெளியே இன்னும் போகாமல் இருக்கும். ஆகவே உறை கிழியாமல், மெத்தையோடு சேர்த்து மலக்குடலை ஒரே பொட்டலமாக எடுத்துவிட்டால், நோய் அதற்குள்ளேயே கட்டுப்பட்டு வெளியே வந்துவிடும்.

இன்று சாதாரணமாகப் படிக்கும் இந்த விஷயம் ஒரு காலத்தில் பெரும்பாலான அறுவை அரங்குகளில் கடைப்பிடிக்கப்படவில்லை. இடுப்புக்குள் கையை விட்டு, விரல்களால் மலக்குடலைச் சுற்றிப் பிரித்து எடுப்பதுதான் பரவலான வழக்கம். விரல் எங்கே எளிதாக நுழைகிறதோ அங்கே போகும். உறை கிழிந்து கொழுப்பின் ஒரு பகுதி உள்ளேயே தங்கிவிடும். நூற்றுக்கு 20, 30 பேருக்கு அதே இடத்தில் நோய் திரும்பியது. இங்கிலாந்தின் பேசிங்ஸ்டோக்கைச் சேர்ந்த சர்ஜன் பில் ஹீல்ட் 1982-இல், மீசோரெக்டத்தை முழுமையாக, கண்ணால் பார்த்தபடி கத்தரியாலோ மின்கத்தியாலோ பிரித்து எடுக்க வேண்டும் என்று எழுதினார். முழு மீசோரெக்டம் நீக்கம் என்ற பெயரில் உலகம் முழுக்கப் பரவியது அந்த முறைதான். 1986-இல் அவர் வெளியிட்ட கணக்கில், தன் நோயாளிகளில் அதே இடத்தில் நோய் திரும்பியது 5 சதவீதத்துக்கும் குறைவு. பலர் நம்பவில்லை.

அறுவையின்போது நடப்பது

குடலை மேலே தூக்கிப் பிடித்ததும், திரிக எலும்பு தொடங்கும் மேட்டின் முன்பாக, உறைக்கும் எலும்பின் மீதுள்ள படலத்துக்கும் நடுவே, சிலந்தி வலை போல வெண்மையான ஒரு திசு தெரியும். சரியான திசையில், சரியான அளவு இழுவை கொடுத்தால் அந்த இழைகள் விறைத்து நிற்கும்; மின்கத்தியின் முனை தொட்டதுமே பிரியும்; இரத்தம் அநேகமாக வராது. இந்த இடைவெளிக்குள் இருக்கும்வரை ஒரு பக்கம் பொட்டலம் முழுதாக இருக்கிறது, மறுபக்கம் நரம்புகள் பத்திரமாக இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே இருப்பது மில்லிமீட்டர் கணக்கு. தேர்ந்த கைக்கு வேலையே இந்த வெண்ணிற வலையை விட்டு விலகாமல் இருப்பதுதான்.

விலகினால் என்ன ஆகும் என்பது எந்தப் பக்கம் விலகினார் என்பதைப் பொறுத்தது. உள்பக்கமாக வந்தால் உறை கிழியும், கொழுப்பு பிய்ந்து நிற்கும், நோயுள்ள நிணநீர் முடிச்சு ஒன்று உடம்பிலேயே தங்கலாம். பின்பக்கமாக ஆழமாகப் போனால் திரிக எலும்பின் முன்னுள்ள சிரைகள் கிழியும். அவை எலும்புக்குள் சுருங்கிக்கொள்ளும், தையல் பிடிக்காது, பஞ்சுத்துணி வைத்து அழுத்தி அறுவையை நிறுத்த வேண்டிய அளவுக்கு இரத்தம் போகலாம். தொடக்க மேட்டருகே இரு பக்கமும் பிரிந்து இறங்கும் நரம்புகளைக் கவனிக்காமல் வெட்டினால், விந்து வெளியேறுவது கெடும். பக்கவாட்டில் மலக்குடலை அளவுக்கு மீறி இழுத்தால், நரம்பு வலையே கூடாரம் போல எழும்பி வரும். அதை இணைப்புத் திசு என்று நினைத்து வெட்டிவிடுவது தெரிந்த தவறு. முன்புறத்தில், கடிகார முகப்பில் 10 மணியும் 2 மணியும் இருக்கும் இடங்களில், விறைப்புக்கும் சிறுநீர்ப்பைக்கும் போகும் நரம்புக் கட்டுகள் உறையை ஒட்டிச் செல்கின்றன. இரத்தம் வருகிறதே என்று அங்கே மின்கத்தியால் நெடுநேரம் சுட்டால், நரம்பு வெட்டுப்படாமலே வெந்துபோகும்.

கீழே இறங்க இறங்கக் கொழுப்பு மெலிந்து, ஆசனவாய்த் தசைகளுக்கு மேலே இல்லாமலே போகிறது. வெளிச்சமும் இடமும் குறைந்து, கை சோர்ந்திருக்கும் நேரம் இது. அனுபவம் போதாதவர் இங்கே தன்னையறியாமல் உள்பக்கமாகச் சரிந்து, கூம்பு போல வெட்டிக்கொண்டு வருவார். கட்டி இருப்பதும் பல நேரம் இங்கேதான். ஆசனவாயையும் சேர்த்து எடுக்க வேண்டிய அறுவையிலும் இதே இடத்தில், வெளியே வந்த உறுப்பில் இடுப்பு போல ஓர் ஒடுக்கம் தெரியும். அந்த ஒடுக்கத்தில் கட்டி வெட்டு விளிம்போடு ஒட்டியிருந்தால், நோய் திரும்பும் வாய்ப்பு வெகுவாகக் கூடிவிடும்.

மலக்குடலை நீக்கியபின் மேலிருந்து குடலைக் கீழே கொண்டுவந்து இணைப்பதும் தனித் திறமை. இறங்கிவரும் குடல் இழுபட்டு நிற்கக் கூடாது. அதற்காக இடது விலா எலும்புக்கடியில் மண்ணீரலருகே இருக்கும் வளைவை விடுவிக்க வேண்டியிருக்கும். இதைத் தவிர்க்கிறவர்கள் நேரத்தை மிச்சம் பிடித்து, இணைப்பைப் பணயம் வைக்கிறார்கள். குடலின் நுனி இளஞ்சிவப்பாக, வெட்டினால் துடிப்போடு இரத்தம் வரும்படி இருக்க வேண்டும். குறுகிய இடுப்பில் ஸ்டேப்லரை (குடலை வெட்டி உலோக ஊசிகளால் மூடி இணைக்கும் கருவி) ஒரே தடவையில் குறுக்காக வைக்க முடியாமல் மூன்று, நான்கு முறை இயக்கினால் கசிவு வாய்ப்பு ஏறும். இணைத்தபின் ஸ்டேப்லர் வெட்டி எடுத்த இரண்டு வளையங்களும் முழுதாக இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். இடுப்பில் தண்ணீர் ஊற்றி, ஆசனவாய் வழியே காற்று செலுத்தி, குமிழி வருகிறதா என்று சோதிப்பார்கள்.

தாழ்வான இணைப்புக்கு மேலே சிறுகுடலைத் தற்காலிகமாக வயிற்றின் வெளியே திருப்பி, மலம் ஒரு பைக்குள் போகும்படி வாய் வைப்பது (ஸ்டோமா) பற்றி நோயாளிகள் பலரும் அஞ்சுகிறார்கள். ஸ்வீடனில் 234 பேரிடம் நடந்த ஒப்பீட்டு ஆய்வில், அப்படித் திருப்பிவிட்டவர்களில் 10.3 சதவீதம் பேருக்கும், திருப்பாதவர்களில் 28 சதவீதம் பேருக்கும் அறிகுறியோடு கசிவு ஏற்பட்டது. தாழ்வான இணைப்புக்குத் தற்காலிக ஸ்டோமா வைக்கும் சர்ஜன் திறமை குறைந்தவர் என்று எண்ணுவது பிழை. பெரும்பாலும் அவர் கசிவின் விளைவுகளை நன்றாகப் பார்த்தவர்.

எடுத்த உறுப்பே சாட்சி

இந்த அறுவையில் வேலையின் தரத்தைச் சில நாட்களிலேயே கண்ணால் பார்த்துவிடலாம். வேறு பல அறுவைகளுக்கு அந்த வசதி கிடையாது. லீட்ஸ் நகரின் நோயியல் நிபுணர் ஃபில் குவர்க், எடுக்கப்பட்ட மலக்குடலின் வெளிப்பரப்பு முழுவதும் மை பூசி, குறுக்காக மெல்லிய சீவல்களாக வெட்டி, மையிட்ட விளிம்புக்கும் கட்டிக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று அளந்தார். 1986-இல் வெளியான அந்த ஆய்வில் 52 பேரில் 14 பேருக்கு நோய் பக்கவாட்டு விளிம்பைத் தொட்டிருந்தது. அந்த 14 பேரில் 12 பேருக்கு இடுப்பில் நோய் திரும்பியது. அதுவரை மேலும் கீழும் எவ்வளவு நீளம் எடுத்தோம் என்றே கவனித்துவந்தார்கள். தவறு சுற்றுவட்டத்தில் நடந்திருந்தது. இப்போது 1 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவோ இடைவெளி இருந்தால், விளிம்பில் நோய் இருப்பதாகவே கணக்கு.

விளிம்போடு சேர்த்து உறையின் முழுமைக்கும் ஒரு தரவரிசை உண்டு. வழுவழுப்பான, பளபளக்கும் பரப்பு, பின்புறம் இரண்டு பிதுக்கங்கள், 5 மில்லிமீட்டருக்கு மேல் ஆழமான கிழிசல் எதுவும் இல்லை என்றால் முழுமையானது. அங்கங்கே கொழுப்பு பிய்ந்து, ஆனால் குடற்தசை தெரியாமல் இருந்தால் நடுத்தரம். தசையே வெளியே தெரிந்தால் முழுமையற்றது. பிரிட்டனைத் தலைமையாகக் கொண்டு நடந்த சிஆர்07 என்ற பெரிய ஆய்வில், 1,100-க்கும் மேற்பட்டோரின் உறுப்புகள் இப்படித் தரம் பிரிக்கப்பட்டன. மூன்று ஆண்டுகளில் அதே இடத்தில் நோய் திரும்பியது முழுமையானவற்றில் 4 சதவீதம், நடுத்தரத்தில் 7, மோசமானவற்றில் 13. முழுமையாக அமைந்தவை பாதியளவே, 52 சதவீதம். மலக்குடல் புற்றுநோய் சிகிச்சையில் சர்ஜனின் பங்கு எவ்வளவு என்று கேட்பவருக்கு, இந்த மூன்று எண்களைவிட நேரடியான பதில் கிடையாது.

பயிற்சியா, எண்ணிக்கையா?

கனடாவின் எட்மன்டன் நகரில் 1983 முதல் 1990 வரை 52 சர்ஜன்கள் செய்த 683 மலக்குடல் அறுவைகளை ஆராய்ந்தார்கள். 52 பேரில் 5 பேர் மட்டுமே பெருங்குடல், மலக்குடல் அறுவையில் தனிப்பயிற்சி பெற்றவர்கள். பயிற்சி பெறாதவர்களிடம் நோய் அதே இடத்தில் திரும்பும் அபாயம் 2.5 மடங்கு. அந்தக் காலம் முழுக்க 21-க்கும் குறைவான அறுவைகள் செய்தவர்களிடம் 1.8 மடங்கு. முக்கியமான விவரம்: பயிற்சியும் எண்ணிக்கையும் தனித்தனியே விளைவைக் காட்டின. நிறையச் செய்தால் போதும், பயிற்சி தானாக வந்துவிடும் என்ற வாதம் இதில் நிற்கவில்லை. தவறான தளத்தில், அதாவது உறையை ஒட்டிய அந்த இடைவெளியை விட்டு விலகி, இருநூறு முறை வெட்டியவருக்குத் தவறான தளம்தான் கைப்பழக்கமாகிறது.

நல்ல செய்தி, இதைக் கற்றுத்தர முடியும். ஸ்டாக்ஹோமில் 1990-களின் நடுவில், ஹீல்டையும் அழைத்து, சர்ஜன்களுக்கும் நோயியல் நிபுணர்களுக்கும் பயிலரங்குகள் நடத்தினார்கள். முந்தைய ஆய்வுக் காலங்களில் 14, 15 சதவீதமாக இருந்த நோய் திரும்பும் விகிதம் 6-ஆக இறங்கியது. நிரந்தர ஸ்டோமாவோடு முடியும் அறுவைகள் பாதிக்கு மேல் இருந்தவை 27 சதவீதமாகின. நோயாளிகள் அதே நகரத்தார், மருத்துவமனைகளும் அவையே. நார்வே 1993-இல் தேசிய அளவில் இதே வேலையைத் தொடங்கியது. ஒவ்வொரு மலக்குடல் அறுவையும் ஒரு பதிவேட்டில் ஏறியது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் தன் முடிவும் நாட்டின் சராசரியும் பக்கத்தில் பக்கத்தில் திரும்பிப் போனது. தன் எண்ணைப் பார்க்கும் வாய்ப்பு இல்லாத சர்ஜனால் தன்னைத் திருத்திக்கொள்ள முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

எத்தனை செய்தால் போதும் என்பதில் நாடுகளிடையே ஒரே கருத்து இல்லை. இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2020-இல் தந்த வழிகாட்டுதல், ஒரு மருத்துவமனை ஆண்டுக்குக் குறைந்தது 10, ஒரு சர்ஜன் குறைந்தது 5 என்கிறது. நெதர்லாந்து மருத்துவமனைகளுக்கு 20 என்று வைத்திருக்கிறது. இவை தரையளவு, இதற்கு மேல் இருப்பதாலேயே ஒருவர் சிறந்தவராகிவிட மாட்டார். ஆண்டுக்கு இரண்டு மூன்று மட்டுமே செய்யும் கையை நம்புவது கடினம் என்பதற்கு மட்டும் இந்த எண்கள் பயன்படும்.

கத்தி எடுக்கும் முன்னும் வைத்த பின்னும்

கைத்திறனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் பாதி விஷயம் விடுபட்டுவிடும். உறையை எவ்வளவு நன்றாகப் பிரித்தாலும், கட்டி ஏற்கெனவே உறையைத் தொட்டிருந்தால் அந்தத் தளத்தில் வெட்டுவது நோயை வெட்டுவதாகும். இதை முன்கூட்டியே காட்டுவது இடுப்பின் எம்.ஆர்.ஐ. தேர்ந்த சர்ஜன் கதிரியக்கவியல் நிபுணரோடு உட்கார்ந்து அந்தப் படங்களைத் தானே பார்ப்பார்: கட்டி உறைக்கு எவ்வளவு அருகில், நிணநீர் முடிச்சு எங்கே, இரத்தக் குழாய்க்குள் நோய் நுழைந்திருக்கிறதா. அதை வைத்துத்தான் முதலில் கதிர்வீச்சா, கீமோதெரபியும் சேர்த்தா, நேராக அறுவையா என்று முடிவாகும். குறுகிய காலக் கதிர்வீச்சு என்றால் 5 நாட்களில் 25 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு). நீண்டகாலம் என்றால் 5 வாரங்களுக்கு மேல் 45 முதல் 50 கிரே வரை, கூடவே கீமோ மருந்து. நெதர்லாந்தில் 1,861 பேரிடம் நடந்த ஆய்வில், முழு மீசோரெக்டம் நீக்கத்தோடு குறுகிய கதிர்வீச்சையும் சேர்த்தபோது இரண்டாண்டில் அதே இடத்தில் நோய் திரும்பியது 2.4 சதவீதம், அறுவை மட்டும் என்றால் 8.2. நல்ல அறுவைக்கும் கதிர்வீச்சு கைகொடுக்கிறது. மோசமான அறுவையை அது ஈடுகட்டும் என்று எண்ணிவிடக் கூடாது.

சிலருக்குக் கதிர்வீச்சும் கீமோவும் முடிந்தபின் கட்டியே தெரியாமல் போய்விடும். அப்படிப்பட்டவர்களை உடனே அறுக்காமல் நெருங்கிக் கண்காணிக்கும் வழியை பிரேசிலின் ஆஞ்சலிட்டா ஹப்ர்-காமா முன்வைத்தார். இதில் சுமார் கால்வாசிப் பேருக்குக் கட்டி மீண்டும் முளைக்கிறது, பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள். ஆகவே விரல் பரிசோதனை, உள்நோக்கிக் கருவிப் பரிசோதனை, எம்.ஆர்.ஐ. எல்லாம் சில மாதங்களுக்கு ஒருமுறை தவறாமல் நடக்க வேண்டும். அறுக்காமல் விடுவதற்கும் தேர்ச்சி வேண்டும் என்பதற்கு இதுவே சான்று.

அறுவைக்குப் பின் மூன்றாம் நாள் முதல் இதயத்துடிப்பு ஏறுகிறது, லேசாகக் காய்ச்சல், வயிறு உப்பல், இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவு இறங்காமல் நிற்கிறது. கசிவு தொடங்குவது பெரும்பாலும் இப்படித்தான். பழகிய குழு அன்றே சி.டி. எடுத்துப் பார்க்கும். பழகாத குழு இன்னும் ஒரு நாள் பார்க்கலாம் என்று காத்திருக்கும், அந்த ஒரு நாளில் இடுப்பு முழுக்கச் சீழ் பிடிக்கும். இரண்டு இடங்களிலும் கசிவு விகிதம் ஒன்றாகவே இருந்தாலும் உயிரிழப்பு விகிதம் வேறாக இருப்பதற்கு இந்தத் தாமதமும் ஒரு காரணம்.

கருவி மாறினால் கற்றலும் புதிது

லேப்ராஸ்கோபி (சிறு துளைகள் வழியே கேமராவோடு செய்யும் அறுவை), ரோபோட் என்றதும் முடிவு தானாகச் சிறந்துவிடும் என்று தோன்றும். ரோபோட்டையும் லேப்ராஸ்கோபியையும் ஒப்பிட்ட ரோலார் ஆய்வில் (2017, 471 பேர்), நடுவில் திறந்த அறுவைக்கு மாறியது முறையே 8.1 சதவீதமும் 12.2 சதவீதமும், புள்ளியியல்படி உறுதியான வித்தியாசம் இல்லை. ஆசனவாய் வழியாகக் கீழிருந்து மேலே மீசோரெக்டத்தைப் பிரிக்கும் புதிய முறை இன்னும் கடுமையான பாடம். நார்வேயில் அந்த முறையில் அறுவை செய்யப்பட்ட 157 பேரில் 12 பேருக்கு இடுப்பில் நோய் திரும்பியது, பலருக்கு விரைவிலேயே, ஒரே நேரத்தில் பல இடங்களில். அந்நாட்டில் அந்த முறையையே நிறுத்திவைத்தார்கள். செய்தவர்கள் கற்றுக்குட்டிகள் இல்லை. பழைய முறையில் கைதேர்ந்தவர்கள். பழகிய கைக்கும் புதிய வழியில் தொடக்கம் உண்டு, அந்தத் தொடக்கத்தின் விலையை நோயாளி கொடுக்க நேர்கிறது.

நோயாளி கேட்கக்கூடியவை

குடல் அடைத்துக்கொண்டாலோ இரத்தப்போக்கு கடுமையாக இருந்தாலோ தவிர, மலக்குடல் புற்றுநோயில் இன்றே அறுக்க வேண்டும் என்ற நெருக்கடி அநேகமாக இராது. இரண்டாவது கருத்துக் கேட்கச் சில நாட்கள் எடுத்துக்கொள்ளலாம். சர்ஜனிடம் நேராகவே கேளுங்கள்: கடந்த ஆண்டில் எத்தனை மலக்குடல் புற்றுநோய் அறுவைகள் செய்தீர்கள்? பெருங்குடலை இதில் சேர்க்காமல் சொல்லச் சொல்லுங்கள். சேர்த்துச் சொன்னால் எண் பெரிதாகத் தெரியும். எனக்குத் திட்டமிடும் இதே முறையில் எத்தனை? கசிவு எத்தனை பேருக்கு? என் எம்.ஆர்.ஐ.-யைப் புற்றுநோய்க் குழுக் கூட்டத்தில் பார்த்தார்களா, என்ன முடிவாயிற்று? கட்டியின் கீழ் விளிம்பு ஆசனவாயிலிருந்து எத்தனை சென்டிமீட்டர்? நிரந்தர ஸ்டோமா வேண்டும் என்றால், வேறொரு மலக்குடல் நிபுணரும் அதையே சொல்வாரா? இந்தக் கடைசிக் கேள்விக்குத் தயங்காமல் வேறு நிபுணரின் பெயரைத் தருபவரை நம்பலாம். கேள்விகளைக் கேட்டாலே முகம் சுளிப்பவரிடமிருந்து எழுந்து வரலாம்.

சிறுநீர், பாலுறவு, மலம் அடக்கும் சக்தி இவை இப்போது எப்படி இருக்கின்றன என்பதையும் அறுவைக்கு முன்பே பேசி எழுதிவைக்கச் சொல்லுங்கள். தாழ்வான இணைப்புக்குப் பின் அடிக்கடி மலம் போவது, அவசரம், துண்டு துண்டாகப் போவது ஆகியவை பலருக்கு வரும், தேர்ந்த கை செய்த அறுவையிலும். வரும் என்று முன்பே சொல்லப்பட்டவர்கள் அதைத் தாங்குவதும், உணவு, மருந்து, தசைப்பயிற்சி வழியாகக் கையாள்வதும் வேறுவிதமாக இருக்கிறது.

அறுவை முடிந்து ஓரிரு வாரத்தில் நோயியல் அறிக்கை வரும். பிரதி ஒன்று வாங்கி மூன்று வரிகளைத் தேடுங்கள்: மீசோரெக்டம் முழுமையா இல்லையா, சுற்று விளிம்பு எத்தனை மில்லிமீட்டர், எத்தனை நிணநீர் முடிச்சுகள் பரிசோதிக்கப்பட்டன. முடிச்சுகள் பொதுவாக 12-க்குக் குறையக் கூடாது; முன்பே கதிர்வீச்சு பெற்றவர்களுக்குக் கொஞ்சம் குறையலாம். உறையின் தரம் அறிக்கையில் எழுதப்படவே இல்லை என்றால், நோயியல் நிபுணரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். வெட்டுவதற்கு முன் உறுப்பின் முன்புறத்தையும் பின்புறத்தையும் புகைப்படம் எடுத்து வைப்பது முறை. அந்தப் படத்தையும் கேட்கலாம்.